தலையீற்று, ஆறாம் நாள்

தலைஞாயிறு தாண்டிக் கடைமடையில்,
வாய்க்கால் பெயர் இழந்து சேறாகும் இடத்தில்
ஒரு குளம்.
ஊருக்கு அது ஓடைக்குளம்.
என் நோட்டில் கே-7.

வலையை ஒருமுறை இழுத்தால்
ஒரு தேக்கரண்டி உயிர் தேறும்.
கடுகில் கால்வாசி. கண் ஒன்றே ஒன்று.
உடம்பு கண்ணாடி: இதயம் அடிப்பதை
வெளியிலிருந்தே எண்ணலாம்,
எண்ணுவதற்குள் எண் தப்பிவிடும்.

நீர்த்தெள்ளு என்றேன்.
தெள்ளு என்றதும் முகம் சுளித்தார் சவரிராயன்,
குளத்தை மூன்று வருஷம் ஏலம் எடுத்தவர்.
"மீன் தின்னுமா?"
தின்னும்.
"அப்ப நல்ல பூச்சிதான்."

தையில் தண்ணீர் பாசிப்பச்சை. ஆண் கிடையாது,
தேவையும் இல்லை.
தாய் தன்னையே நகலெடுத்து
முதுகுப்பையில் அடுக்குகிறாள்,
பதினெட்டு, இருபது, ஒருமுறை இருபத்தேழு.
சீமந்தம் இல்லை, மாமியார் இல்லை
என்று ஓரத்தில் எழுதி, அடித்துவிட்டேன்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் உள்ளவை: நீளம். ஈற்றுக்கு எத்தனை.
தலையீற்றுக்கு எத்தனை நாள்.
ஆறு.

மாசியில் சவரிராயன் கெண்டைக்குஞ்சு விட்டார்,
நாலாயிரம், காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில்.
பங்குனிக்குள் பெரியவை எதையும் காணோம்.
மிஞ்சியவை சிறியதாக இருக்கும்போதே பெற்றன,
சிறியதாகவே பெற்றன.

ஏன் என்று பார்க்க
ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு வரிசை வைத்தேன்.
இதில் வெறும் குளத்து நீர்.
அதில் மீன் ஓர் இரவு நீந்திவிட்டுப் போன நீர்.
மீன் இல்லை. வாடை மட்டும்.
அந்த வரிசையில் பிறந்தவற்றுக்கு
தலையில் கூர் முளைத்தது, வாலில் நெட்டை முள்,
பார்த்தே இராத ஒரு வாய்க்காக.
தலையீற்று நான்காம் நாள்.

எதிர்மேசையில் ஜுலைகா
நுண்ணோக்கியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்:
"கடைசி பஸ்ல இறங்கி
சாவியை விரலிடுக்குல குத்தலாப் பிடிச்சு நடக்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா?"

பிறகு வெயில். குளம் ஒரு முற்றம் அளவுக்குச் சுருங்கியது.
காற்றுப் போதாமல் எல்லாம் சிவந்தன,
உடம்பு முழுக்க ரத்தச் சாயம்.
அப்போதுதான் ஆண் பிறக்கிறது,
தந்தி மாதிரி, கெட்ட செய்தியோடு.
அதன் பிறகு இருபத்தேழு இல்லை.
இரண்டே கரு. கறுத்த தோலுறை,
குதிரைச் சேணம் போல முதுகில்.
தாய் சட்டையைக் கழற்றும்போது
சேணமும் கழன்று சேற்றில் இறங்குகிறது.
அவள் அதிக நாள் இருப்பதில்லை.

வைகாசியில் குளத்துக்குள் கிரிக்கெட்.
ஸ்டம்பு நட்ட வெடிப்பிலிருந்து
டிபன் டப்பா நிறைய மண் அள்ளினேன்.
"அவுட்டா அக்கா?" என்றான் பந்துவீசியவன்.

ஜூன் பன்னிரண்டு போய்விட்டது.
மேட்டூரில் நீர்மட்டம் தினமும் செய்தியில் இறங்கியது.
லஸ்கர் உத்திராபதி
மதகின் திருகாணிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.
தண்ணி எப்போ?
"பேப்பர்ல போட்டாத்தான் எனக்கே தெரியும்."
அவர் மச்சான் குறுவைக்குப் பாதி விதை தெளித்திருந்தார்
போர்த்தண்ணீரை நம்பி, அதுவும் உப்புக் கரிக்கிறது.
மீதி விதை மூட்டையிலேயே.

ஒரு கோடைமழையைப் பாத்திரத்தில் பிடித்து
மண்ணில் நூறு சேணம் பொறுக்கி நனைத்தேன்.
மூன்றாம் நாள் முப்பத்தொன்று திறந்தன.
உலர்த்தி மறுபடி நனைத்தேன்: பத்தொன்பது.
மற்றவை செத்தவை என்றுதான் நினைத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
கரு குலையாமல் அப்படியே இருக்கிறது.
அதே மண், அதே மழை,
அநேகமாக அதே தாய்.
இதற்கு என்னிடம் ஒரு சூத்திரம் உண்டு.
உத்திராபதியின் மச்சானிடம் அது இல்லை,
மூட்டை இருக்கிறது.

ஆவணியில் ஓர் இரவு போன் வந்தது.
"டீச்சர், வருது."
விடியுமுன் போனேன்.
நுரை முன்னே, நுரைக்கும் முன்னே ஒற்றைச் செருப்பு,
பின்னால் கலங்கல்.
ஸ்டம்பு நட்ட குழி முதலில் நிறைந்தது.

நோட்டில் எழுதினேன்: கே-7, நாள் சுழியம்.

டப்பா மண்ணில் பாதியை
இன்னும் நனைக்கவில்லை.
மூடியில் தேதியும் எழுதவில்லை.